துக்கம், கடை விடுமுறை

என் கணவர் ஸ்டெலியோஸ் கடைக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து முடிக்கிறார். இன்று அவருடைய பெயர்நாள், அவர் பெயர் தாங்கிய புனிதரின் திருநாள். எங்கள் கிரேக்க ஊரான நாவுசாவில் பெயர்நாள்காரர்தான் வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்பும் மதுவும் கொடுக்க வேண்டும். நூல் ஆலைகள் மூடியதிலிருந்து தெருவில் பாதிக் கடைகள் திறப்பதில்லை. எங்கள் செருப்புக் கடையில் மூன்று வாரமாக ஒரு ஜோடிகூட விற்கவில்லை. ஒரு பெட்டி இனிப்பு வாங்கவும் வழியில்லை. வெள்ளைத் தாளில் ‘துக்கம், கடை விடுமுறை’ என்று எழுதுகிறார். நான் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்துத் தருகிறேன். வெளியே ஒட்டிவிட்டு, உள்ளிருந்து இரும்புக் கதவைப் பாதி இறக்குகிறோம். அதன் கீழே பேக்கரி ஃபோதினியின் மாவு படிந்த காலணிகள் வந்து நிற்கின்றன. “நேத்துதான் அண்ணன்கிட்ட, கஞ்சத்தனம் பண்ணாம ரெண்டு பெட்டியா வாங்குங்கன்னு கிண்டல் பண்ணேன். யாரு அக்கா போயிட்டாங்க?” ஸ்டெலியோஸ் என்னைப் பார்க்கிறார். “அவரோட சித்தி எவாந்தியா,” என்கிறேன். “அடப்பாவமே. நீங்க அடுப்பு மூட்டாதீங்க, நான் இருக்கேன்.” சற்று நேரத்தில் கதவுக்கடியில் சூடான பாலாடைக்கட்டி அப்பம் ஒரு தட்டில் நகர்ந்து உள்ளே வருகிறது. ஸ்டெலியோஸ் செருப்புப் பெட்டிகளின் பக்கம் திரும்பி நின்று, எனக்கு முகம் காட்டாமல் தின்கிறார்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவர் இதயம் நின்றது. எவாந்தியா சித்தி இன்றும் உயிரோடிருக்கிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில், நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள்.