ஏழு நிற அடைப்புக்குறிகள்

ஷுக்ரி நிரல் எழுதுகிற எடிட்டரைத் தினேஸ் கெடுத்தது நல்லெண்ணத்தில்தான். அவன் இதுவரை கெடுத்த எல்லாமே நல்லெண்ணத்தில் கெடுத்தவைதான்.

ஷுக்ரி பகல் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து அவனுடைய கணினியில் உட்கார்ந்தான். கூட்டாளி வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்த செட்டிங்ஸ் ஃபைலை அழித்தான். அழித்த பிறகுதான் பிரதி எடுக்காதது ஞாபகம் வந்தது.

ஹாலிஎல டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். இரண்டு மேசை, இரண்டு ஆள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் பழைய மென்பொருளை லிஸ்ப் மொழியில் பராமரிக்கிற வேலை.

லிஸ்ப் என்றால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. ஒரு வரி முடியும்போது ஏழெட்டுக் குறிகள், தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் நிற்பதுபோல வரிசையில் நிற்கும். தினேஸ் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அந்த வரிசையை எண்ணுவது அவனுக்குப் பழக்கம்.

ஷுக்ரிதான் கொஞ்ச நாளாக எண்ணிக்கையைத் தவறவிட்டான். இந்த மாதத்தோடு வேலையை விடுகிறேன் என்றும் சொல்லிவிட்டான். ஏன் என்று எத்தனை முறை கேட்டாலும் "சும்மாதான் மச்சான்."

தினேஸே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டான். பாவம், அடைப்புக்குறிகளோடு மல்லுக்கட்டிக் களைத்துவிட்டான். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு நிறம் கொடுத்துவிட்டால் ஆள் போகாமல் நின்றுவிடுவான். கல்யாணம் கட்டிவைத்தால் பையன் திருந்திவிடுவான் என்று நம்புகிற பெற்றோரின் கணக்கு அது.

படியில் காலடி கேட்டது. புதிய செட்டிங்ஸை அவசரமாகச் சேமித்து, எடிட்டரை மூடித் திறந்துவிட்டு, திரையைக்கூடப் பார்க்காமல் தன் மேசைக்கு ஓடினான்.

ஷுக்ரி வந்து உட்கார்ந்தான்.

"ஒன் ஃபைல அழிச்சிட்டேன் மச்சான். அடிக்கிறதுன்னா பொறகு அடி. மொதல்ல பாரு, ஏழு கலரு. செவப்புக்குள்ள மஞ்சள், மஞ்சளுக்குள்ள பச்சை. எப்படி?"

ஷுக்ரி மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தான். சிரித்தான்.

"ஷோக்கா இருக்கு. அந்தப் பச்சதான் நல்ல எடுப்பு."

தினேஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பச்சையின் எடுப்பைத் தானும் ரசிக்கலாம் என்று நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான்.

பச்சை இல்லை.

சிவப்பும் இல்லை. கடைசி வரியில் அவனே ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தான். செட்டிங்ஸ் ஏறவே இல்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, அடியில் ஒரு பிழைச் செய்தி. அவ்வளவுதான்.

கீழே கடையில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

தினேஸ் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எப்ப இருந்துடா?"

ஷுக்ரி திரையிலிருந்து முகத்தை எடுத்தான்.

"நோன்புக்கு முந்தி இருந்து. ரெண்டு கண்ணும் போய்க்கிட்டிருக்கு, திருப்ப ஏலாதுன்னு டொக்டர் சொல்லிட்டார். எனக்கு இந்த வேலய விட விருப்பமில்ல மச்சான். கலரு வேணாம், எழுதுறத வாசிச்சுச் சொல்ற மாதிரி செஞ்சு தா."