ராக்கையா கொண்டுவந்த கோடி

1938 தையில் என் அத்தை சுருளியம்மாள் செத்தாள். பிணத்தை எடுக்கும் முன்பே அப்பா தன் தங்கை வீட்டுச் சாவியைக் கேட்டார்.

"முப்பது வருசம் எந்தங்கச்சி சோத்தத் தின்னது போதும். பொணத்த எடுத்ததும் நீ ஒன் ஊரப் பாத்துப் போயிரு" என்றார், அத்தையோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, இப்போது அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாயிடம்.

அந்தச் சோற்றைப் போட்ட வெற்றிலைக் கொடிக்காலுக்கு அத்தையும் அவளும் சேர்ந்துதான் தண்ணீர் இறைத்தார்கள். அது அப்பாவுக்கும் தெரியும்.

வாசலில் மாட்டு வண்டி நின்றது. ஆண்டிபட்டி ராக்கையா கோடி போடப் புதுச் சேலையோடு இறங்கினார். அப்பா வழிமறித்தார்.

"எந்தங்கச்சிக்குக் கோடி போட அண்ணன் நான் இருக்கேன். நீ யாருய்யா?"

"ஒங்க கோடிய நீங்க போடுங்க. எங்கோடிய நான் போடுறேன்."

ராக்கையா பிணத்தைத் தாண்டிப் போனார். முப்பது வருடமாகப் பேச்சில்லாத தன் சொந்தத் தங்கை வெள்ளைத்தாயின் தோளில் அந்தச் சேலையைப் போர்த்தினார். "அண்ணே!" என்று அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"புருசன் செத்தாத்தான்யா கூடப்பொறந்தவன் தங்கச்சிக்குக் கோடி போடுவான்! கல்யாணமே ஆகாதவளுக்கு எதுக்கு?" என்று அப்பா கத்தினார்.

"அதுக்குத்தான் போட்டேன். கோடி வாங்குனவளப் பதினாறு முடியுமுன்ன எவன் வெளிய அனுப்புறான்னு பாக்குறேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, இவனுக்கு எவன்டா எழவு சொன்னது?"

"நாந்தான் ஆள் விட்டேன். சம்பந்தகாரக வராம பொணத்த எடுக்கலாமாப்பா?"