வலப் பக்கம்

"ராஜா வசனத்தை முடிக்கறதுக்கு முந்தி உன் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுதேடா, இக்னேஷியஸ். வசனம் எடுத்துக் குடுக்கறவன் இப்படியா கத்துவான்?"

கமிட்டிக் கூட்டத்தில் கேட்டது நான்தான். முப்பத்தாறாம் வருஷம், எங்கள் காலேஜ் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டிக்கு நான் காரியதரிசி.

முந்தின நாள் சாயந்திரம் எங்கள் ஆண்டு விழா நாடகம் சந்தி சிரித்திருந்தது. தர்பார் காட்சி. சிம்மாசனத்தில் ராஜாவாக இனாயத். இடப் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் புத்தகமும் கையுமாக இக்னேஷியஸ். "மந்திரி..." என்று ஆரம்பித்த ராஜா அப்படியே நின்றுவிட்டான்.

திடீரென்று உள்ளேயிருந்து ஒரு கத்தல்: "மந்திரி, என் மகனே குற்றவாளி!"

ஜனங்கள் அழவேண்டிய இடம். மயிலாப்பூரே வந்து உட்கார்ந்து சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"பதட்டத்துல கத்திட்டேன், சாமி," என்றான் இக்னேஷியஸ்.

"நீ பதறி நான் பார்த்ததே இல்லையே?"

பக்கத்திலிருந்த இனாயத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போகிற காரியதரிசி ஒரு பேரைச் சொல்வான், கமிட்டி கை தூக்கும். அதுதான் எங்கள் வழக்கம். அடுத்த வருஷம் இக்னேஷியஸ்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷமாக நாயாக உழைத்தவன். குரூப் போட்டோவில் காரியதரிசிதான் நடுவில் உட்காரவேண்டும் என்று, அவன் அம்மா லூயிசா டீச்சர் புதுக் கோட்டே தைத்து வைத்திருந்தாள்.

"சபையில மானத்தை வாங்கினவனை எப்படிக் காரியதரிசி ஆக்கறது? நான் இனாயத் பேரைச் சொல்றேன்," என்றேன்.

முதலில் தூக்கிய கை இக்னேஷியஸுடையது.

நோட்டீஸ் எழுதி நானே போர்டில் ஒட்டினேன். நியாயம் பண்ணிவிட்ட மிதப்பு வேறு. வராந்தாவில் இனாயத் போய்க்கொண்டிருந்தான். அவன் இடப் பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டு, "என்னடா, சந்தோஷந்தானே?" என்றேன்.

அவன் பாட்டுக்கு நடந்தான். இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டேன். ஊஹூம். தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான்.

"இந்தப் பக்கம் கேக்காது, சாமி," என்றான் மெதுவாக. "சின்ன வயசுல அம்மை வார்த்ததுல போச்சு. இக்னேஷியஸுக்கு மட்டுந்தான் தெரியும். வெளியே தெரிஞ்சா எவன் எனக்கு வேஷம் குடுப்பான்? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினேன்."

நான் அவன் வலப் பக்கமாக வந்து நின்றேன்.

"ஒத்திகையில எல்லாம் என் வலப் பக்கமாத்தான் நிப்பான். நேத்து அந்தாண்ட நிக்க வெச்சுட்டாங்க. நாலு தரம் மெள்ளச் சொல்லிப் பாத்தானாம். எனக்கு விழல. அவன் இன்னா பண்ணுவான், பாவம்?" அவன் கண் கலங்கிவிட்டது. "கமிட்டியில வாயைத் திறக்காம உக்காந்துட்டேன். இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், சாமி. அந்தப் பதவி எனக்கு வேணாம்."

சொல்லச் சொல்லியிருக்கலாம். நோட்டீஸைக் கிழிக்க எத்தனை நேரம் ஆகும்?

"ஒட்டியாச்சு, விடு," என்றேன்.

குரூப் போட்டோ இன்னும் என் ஆத்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் இனாயத். கடைசி வரிசை ஓரத்தில் புதுக் கோட்டோடு இக்னேஷியஸ்.

இனாயத்தைச் சொல்லவிடாததற்குக் காரணம் உண்டு. அவன் சொல்லியிருந்தால் இன்னொன்றும் வெளியே வந்திருக்கும்.

"வலப் பக்கம் எனக்குக் குடு, சாமி," என்று நாடகத்தன்று இக்னேஷியஸ் என்னிடம் மூன்று தரம் கெஞ்சினான். பிரின்ஸிபால் கண்ணில் படுகிற இடம் என்று அங்கே என் நாற்காலியைப் போட்டுக்கொண்டவன் நான்.