நேர்த்தி வாணம்

"தாலியறுத்தவளுக்கு வாணம் கேக்குது" என்றாள் கண்ணகை. பக்கத்தில் நின்றவளின் காதுக்குள்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

சண்டை முடிந்த அடுத்த வருசம். வாவிக்கரைப் பிள்ளையார் கோயிலில் அன்று கடைசித் திருவிழா. பொழுது பட்டு, சாமி வீதி சுற்றி உள்ளே போயாயிற்று. சனம் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் கேதீஸ்வரி ஒரு பை நிறைய வாணங்களோடு கோயில் வாசலில் வந்து நின்றாள். கூடவே மகள் சுதர்சனா. பத்து வயதிருக்கும்.

ஊருக்குப் புதியவள். வவுணதீவிலிருந்து பஸ்ஸில் வந்தவள், சுனாமியில் புருசனைப் பறிகொடுத்தவள் என்பது வரை செய்தி பரவிவிட்டிருந்தது.

கோயில் வண்ணக்கர் பாலசுந்தரத்தார் முன்னால் வந்தார். கோயில் திறப்பும் நிர்வாகமும் அவர் கையில். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"என்ன புள்ள இது?"

"நேர்த்தி, அண்ணன். இந்த வாசல்ல வாணம் விடுறதா நேந்தனான்."

"இஞ்ச வாணம் விடுறல்ல."

"சத்தவெடி ஒண்டும் இல்ல அண்ணன். எல்லாம் மேல போய்ப் பூக்கிறதுதான்."

"எதெண்டாலும் விடுறல்ல."

"அவர் சொல்றது சரிதானே" என்று பின்னாலிருந்து ஒருவர் சேர்ந்துகொண்டார். "போன வருசம்தான் வன்னியில அவ்வளவு சனம் செத்து முடிஞ்சது. சுனாமிக்குப் போன சனத்துக்கு நாங்க இன்னும் திவசம் குடுத்துக்கிட்டு இரிக்கம். இதுக்குள்ள வாணமாம்."

கேதீஸ்வரி பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் மதிலைத் தாண்டி வாவிக் கரைக்கு இறங்கினாள்.

ஒரு வெறும் போத்தலைச் சேற்றில் ஊன்றி, வாணத்தை வைத்துக் கொளுத்தினாள்.

அது சீறிக்கொண்டு மேலே போய் விரிந்தது. வாவி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக விழுந்தது. சுதர்சனா கை தட்டினாள். கேதீஸ்வரி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். வாய்விட்டு, யாரையும் சட்டை செய்யாமல் சிரித்தாள்.

இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது.

சின்னப் பிள்ளைகள் கரைக்கு ஓடினார்கள். அவர்களைப் பிடிக்கப் போன தாய்மாரும் அண்ணாந்து பார்த்தபடிதான் நின்றார்கள்.

பாலசுந்தரத்தார் விறுவிறென்று இறங்கி வந்தார்.

"நிப்பாட்டு." போத்தலுக்கு முன்னால் வந்து நின்றார். "சிரிக்கிறதுக்கு உனக்கு வேற இடம் கிடைக்கல்லியா? இந்தத் தண்ணிக்குள்ள எத்தின சனம் கிடந்தது எண்டு தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணன். நானும் கிடந்தனான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கட வீடு அப்ப அந்தா, அங்கால கடற்கரையில." அவள் அக்கரையைக் காட்டினாள். "அலை எங்களத் தூக்கி வாவிக்குள்ள போட்டுட்டு. இவட அப்பாவக் காணல்ல. இவளத் தோள்ல போட்டுக்கிட்டு தண்ணிக்குள்ள நிண்ட ஒரு கண்ணா மரத்தப் பிடிச்சபடி கிடந்தன். பொழுது பட்டுட்டு. மழை இருட்டு. எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் கடல் எண்டு தெரியல்ல. கையும் விறைச்சுப் போச்சு. இனி விட்டிருவம் எண்டு நினைச்ச நேரம் இந்தக் கோயிலடியில இருந்து ஒரு வாணம் மேல போச்சு."

சனம் சத்தமில்லாமல் கிட்ட வந்து நின்றது.

"அந்த வெளிச்சத்தில இந்தக் கோபுரம் தெரிஞ்சுது. ஒரு பலகை கையில பட்டுது. அதப் பிடிச்சிக்கிட்டு வந்தன். வெளிச்சம் அணைஞ்சா அப்படியே நிண்டிருவன். அடுத்த வாணம் போனாத் திரும்ப வருவன். காலில சேறு தட்டுப்பட்டாப் பிறகு ஒண்டும் தெரியா. புல்லுக்குள்ள கிடந்தமாம். ஆரோ உழவு மிஷின்ல ஏத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிரிக்காங்க."

அவள் கோயிலைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தக் கோயிலுக்கு வரணும் எண்டு அண்டைக்கே நேந்துட்டன். ஆனா மறுகா சண்டை. வாணம் வாங்கவும் ஏலாது, விடவும் ஏலாது. இப்பதான் கடைக்கு வந்திரிக்கு. அண்டைக்கு அத விட்டது ஆரெண்டு எனக்கு இன்னமும் தெரியா. அந்த மனிசனுக்கு நன்றி சொல்ல வேற வழி தெரியல்ல."

மகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"செத்த சனத்த மறந்து சிரிக்கல்ல அண்ணன். இவ உயிரோட நிண்டு கை தட்டுறா. எனக்குச் சிரிப்பு வந்திட்டு."

கண்ணகை சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பாலசுந்தரத்தார் கையை நீட்டினார். கேதீஸ்வரி நெருப்புப் பெட்டியைக் கொடுத்தாள். அதைத் தண்ணீருக்குள் எறியப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் குனிந்து, ஒரு வாணத்தை எடுத்துப் போத்தலில் வைத்தார். முதல் குச்சி அணைந்துபோனது. அடுத்த குச்சிக்குச் சுதர்சனா இரண்டு கையாலும் காற்றை மறைத்துப் பிடித்தாள்.

வாணம் மேலே போய் விரிந்தது. கடைசிப் பொறி தண்ணீரில் விழும் வரை அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சுதர்சனாவின் தலையில் கையை வைத்தார்.

"அண்டைக்குப் போனது திருவெம்பாவைக்கு வாங்கி வைச்ச வாணம், புள்ள. நான்தான் விட்டன். என்ட மகளும் அண்டைக்கு அந்தக் கரையிலதான் நிண்டவ. வெளிச்சத்தப் பாத்து வந்திருவா எண்டு, முடியுமட்டும் விட்டன்."

நெருப்புப் பெட்டியைக் கேதீஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஒருத்தரும் வரல்ல எண்டுதான் இத்தின வருசமும் நினைச்சிக்கிட்டு இருந்தன்."