ஜோடிப் படங்கள்

மருமகள் டேப்லெட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுமே, ஓய்வுபெற்ற கண்டக்டருக்குப் பொறி தட்டியது.

“மாமா, இதுல நிறைய கேம் இருக்கு. சும்மா ஒண்ணு ஆடலாமா?”

“கார் ஓட்டுறது போடு.”

“அது வேண்டாம் மாமா. இதுல படமெல்லாம் கவுந்திருக்கும். எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சு ஜோடி சேர்க்கணும்.”

ஞாபகமா? போன வாரம் அவள் போனில் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. ‘மறதி கூடிட்டே போகுது டாக்டர். அவர்கிட்ட இன்னும் சொல்லல.’

மூளை கலங்கிவிட்டது என்று முத்திரை குத்தி, எங்காவது முதியோர் இல்லத்தில் தள்ளத் திட்டம். விடுவாரா? வெறியோடு ஆடினார். நாலு ஆட்டத்திலும் அவருக்கே வெற்றி. அவளோ திறந்த படத்தையே திரும்பத் திரும்பத் திறந்தாள். வேண்டுமென்றே தோற்று வேவு பார்க்கிறாள் என்று அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நடிச்சது போதும்மா. என் மூளைக்கு ஒரு குறையும் இல்லன்னு உன் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு.”

அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“மறதி எனக்குத்தான் மாமா. வகுப்புல நான் பாடம் நடத்துற பிள்ளைங்க பேரு கூட வர மாட்டேங்குது. தினமும் யார்கூடவாவது இதை ஆடணும்னு டாக்டர் சொன்னாரு. உங்க மகன்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல.”

கண்டக்டர் டேப்லெட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

“இந்தத் தடவை நீ முதல்ல திறம்மா. அவசரமே இல்ல.”