காது உள்ள டியூப்

"யாரும் நடக்கக் கூடாது. மூச்சு விடலாம்" என்றார் டியூப்காரர்.

ஊசி இசைத்தட்டில் இறங்கியது. அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கணவர் இரண்டு கால்களையும் தூக்கிச் சோபாவிலேயே மடக்கி வைத்துக்கொண்டார். பழைய வீடு, பலகைத் தரை. யார் நடந்தாலும் அதிரும்.

டியூப்காரர் விற்பது ஃபோனோ ப்ரீஆம்ப். தட்டிலிருந்து ஊசி எடுக்கும் ஒலி கொசு முனகுவது போலத்தான் இருக்கும். அதைப் பெருக்கி ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் சின்னப் பெட்டி அது. உள்ளே இரண்டு கண்ணாடி டியூப்கள் மங்கலாகச் சிவந்து எரியும். வீட்டிலேயே போட்டுக் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பெட்டிகளோடு வந்திருந்தார். சுவரோரம் போர்வை போர்த்தி நின்ற ஏதோ ஒன்றின் கைப்பிடியில் தன் பையை மாட்டியிருந்தார்.

முதல் பெட்டியைக் கேட்டு முடித்திருந்தார்கள். குறை ஒன்றும் இல்லை. பாட்டு கழுவித் துடைத்தது போல் வந்தது. இப்போது ஓடுவது இரண்டாவது.

பாடுகிறவள் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள் போலிருந்தது. சோபா நுனியில் இருந்தவள் முன்னால் சாய்ந்தாள். அந்த நேரம் பார்த்துக் கணவர் டீ கிளாஸை எடுக்க ஒரு காலைத் தரையில் வைத்தார்.

'தட்' என்றது ஸ்பீக்கர்.

"என்ன சார், உங்க பெட்டி என்னை உதைக்குது?"

"சில டியூபுக்குக் காது இருக்கும் சார். தரை அதிர்ந்தா அதுவும் கேட்டுடும். ஊசியைத் தூக்கிட்டாக்கூடக் கேக்கும்."

"இவர் நடந்தா டியூபே வேண்டாம். தெருமுனை வரைக்கும் கேக்கும்" என்றாள் அவள்.

"தரையில கனமா ஒரு விரிப்பு போட்டீங்கன்னா குறையும் மேடம்."

"விரிப்பு போட முடியாது" என்றார்கள் இருவரும், ஒன்றாக.

"அப்ப இந்தப் பிளேயர் மேஜையையாவது கொஞ்சம் உயரமா, சுவத்தோட சேர்த்து அடிச்சிடுங்க. ரொம்பத் தாழ்வா இருக்கு."

"அதுவும் முடியாதுங்க. உக்காந்தபடியே கை எட்டணும்."

டியூப்காரர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இந்தத் தொழிலில் கிறுக்குகளுக்குப் பஞ்சமில்லை. "தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பார்த்தா டியூப் பைத்தியம் மாதிரி தெரியலை. யாருக்கு வாங்கறீங்க?"

"என் தம்பிக்கு. இந்தத் தட்டெல்லாம் அவனோடதுதான்." ஒருக்களித்துச் சாத்தியிருந்த அறைக் கதவைக் கண்ணால் காட்டினாள். "டியூப் வாங்கணும், டியூப் வாங்கணும்னு என் உயிரை எடுப்பான். இப்ப ரூமை விட்டே வர்றதில்லை. யாரோடயும் பேச்சில்லை. பாட்டு கேட்டாவது வெளிய வருவானான்னு பார்க்கறேன்."

"கோவமா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்றார் கணவர். "அவன் வரலைன்னா, தூசி தட்டறதுக்கு இன்னொரு சாமான் வாங்கினதா ஆகும்."

அவள் எழுந்து கதவருகே போனாள். பாட்டின் நடுவே அவள் நடையையும் ஸ்பீக்கர் ஒப்பித்தது.

"டேய், முதல்ல வச்சதா, இப்ப வச்சதா? எனக்கு இதெல்லாம் புரியாதுன்னு உனக்கே தெரியும். ஒரு வார்த்தை சொல்லுடா."



கணவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "மாப்ளே, நீ சொல்லலைன்னா நான் முடிவு பண்ணிடுவேன். என் ரசனை தெரியுமில்ல? காலிங் பெல்லே எனக்குக் கச்சேரிதான்."

முன்பெல்லாம் இந்தப் பேச்சுக்குச் சண்டைக்கே வந்திருப்பான்.

அவள் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தாள். முகம் வாடிவிட்டது.

"சத்தம் போடாததையே வச்சுட்டுப் போங்க. இது வேண்டாம்."

"மேடம், பாட்டுன்னு பார்த்தா இதுலதான்…"

"முதல் பெட்டியே போதும். எதுவா இருந்தா என்ன?"

வாங்குகிறவர் சொல்லிவிட்டார். டியூப்காரர் ஊசியைத் தூக்கினார். அறை அமைதியானது. மேஜை அருகே மண்டியிட்டு, இரண்டாவது பெட்டியை அணைக்கக் கையை நீட்டினார்.

தட்.

அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"நான் இல்லை" என்றார் கணவர். கால்கள் சோபாவின் மேலேதான் இருந்தன. அவளும் அசையவில்லை.

பிறகு தம்பியின் அறைக்குள் சுவரில் கை உரசும் சத்தம். மறுபடியும் ஸ்பீக்கரில்: தட்.

எழப்போனவளின் மணிக்கட்டைப் பிடித்துக் கணவர் உட்கார வைத்தார்.

"அக்கா." பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல், மூச்சு வாங்கியபடி அறையிலிருந்து வந்தது. "உனக்குக் காது இருக்கா இல்லையா? ரெண்டாவதை வைக்கச் சொல்லு."

தட்.

டியூப்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தீங்களா, தம்பிக்குத் தெரியுது. இருங்க, ஒரு டியூபை மட்டும் மாத்திப் போட்டுப் பார்க்கறேன், இந்தத் தட்தட் நின்னாலும் நிக்கும். அதுவரைக்கும் அவரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

"டியூபைத் தொடாதீங்க" என்றாள் அவள்.

கணவர் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் குரலைத் தாழ்த்தினார். "நிக்கச் சொல்லித்தான் சார் ஒரு வருஷமாக் கெஞ்சிட்டிருக்கோம். நீங்க பையை மாட்டியிருக்கீங்களே, அது அவனோட சக்கர நாற்காலி."