படுக்கை ஃபேன்

ஷைலா வாங்கிய, உள்ளே படுக்கை வைத்த பழைய கேம்பர் வேனில் ஒவ்வொரு காலையும் பேட்டரி இறங்கிக் கிடந்தது. நாளைக்கு அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கிளம்ப வேண்டும், ராத்தூக்கமும் வேனிலேயேதான்.

பீளமேட்டு எலக்ட்ரீஷியன் ஆறுச்சாமி வேனைப் பூட்டச் சொன்னார். பேட்டரியில், கரண்ட் இழுப்பதைக் காட்டும் மீட்டரை மாட்டி, பானெட்டுக்குள் இருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். படுக்கை ஃபேனின் ஃபியூஸைப் பிடுங்கியதும் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது.

“ஃபேன் ஓடிட்டே இருந்திருக்குதுங்க அம்மணி.”

“நான் அதைப் போட்டதே இல்லீங்கண்ணா.”

உச்சி வெயில். ஆளில்லாமல் பூட்டிய வேனில், உள்ளிருந்து கையால் தள்ளினால்தான் நகரும் படுக்கையோரத்து ஜன்னல் கண்ணாடி மெதுவாக விலகித் திறந்தது. சாவி ஷைலாவின் கையில் இருந்தது.

ஆறுச்சாமி ஃபியூஸைத் திரும்பச் செருகினார். முள் ஏறியது. ஜன்னல் மூடிக்கொண்டது.

ஷைலா அந்த ஜன்னலைப் பார்த்தபடி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“பெரிய பேட்டரியாவே போட்டுருங்கண்ணா,” என்றாள் ஷைலா, தணிந்த குரலில். “அந்தியூர்ல இன்னும் வெக்கையா இருக்கும்.”